கண்ண மட்டும் எடுக்க விட்றாத புள்ள

வைகாசிக் குளிர்த்திச் சடங்கு முடிஞ்சு ரெண்டு மாசமாகப் போகுது. அண்டைக்கு இரவு கோயில் வீதியில காதுல விழுந்த ஒரு சொல்லு இன்னும் நெஞ்சுக்குள்ள கிடந்து குத்துது. எழுதினாத்தான் ஆறும் போல.

எங்கட கண்ணகை அம்மன் சடங்கைப் பாத்தவங்களுக்கு நான் ஒண்டும் சொல்லத் தேவையில்ல. (பாக்காதவங்களுக்கு: மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. ரெண்டு கரையிலயும் வைகாசி பிறந்தா அம்மாள்ட பேச்சுத்தான். அம்மை வந்தாலும் கண்ணோய் வந்தாலும் அவவுக்குத்தான் நேர்த்தி. வெள்ளியில கண்மலர் செஞ்சு கொண்டு போய் வைப்பம்.)

அண்டைக்குக் கண்மலரோட வந்து நிண்டது எனக்குத் தங்கச்சி முறையான ஒரு பிள்ளை. இடுப்புல பதினாலு மாசப் பெண் குழந்தை. என்ன நேர்த்தி எண்டு பக்கத்துல இருந்த பெத்தா கேட்டா. அவள் சொன்னாள்.

குழந்தைட முதலாவது பிறந்தநாளுக்கு போன்ல படம் எடுத்திருக்கிறாங்க. வீட்டுக்குள்ள, ஃபிளாஷ் போட்டு. எல்லாப் படத்துலயும் ஒரு கண் சிவப்பா மின்னுது, மற்றக் கண் வெள்ளையா மின்னுது. பூனைட கண்ணுல லைட் அடிச்ச மாதிரி. முதல்ல போன் பிழை எண்டு நினைச்சு வேற போன்லயும் எடுத்துப் பாத்திருக்கிறாங்க. அதுலயும் அதே வெள்ளை. மட்டக்களப்புல காட்டி, அங்கயிருந்து கொழும்புக்கு அனுப்பி, அங்க சொல்லிட்டாங்க: கண்ணுக்குள்ள கட்டி, பெரிசாகிட்டு, கண்ணை எடுக்கணும்.

பெத்தா குழந்தைட தலையைத் தடவினா. மறுகா சொன்னா:

"கண்ண மட்டும் எடுக்க விட்றாத புள்ள. பொம்புளப் புள்ளகா. நாளைக்கு ஆரு கட்டுவான்? அம்மாள் பாத்துக்குவா. எடுத்த கண்ண அவனுகள் வேற ஆருக்கோ வெச்சிருவானுகள்."

சுத்தி இருந்த நாலு பேர் தலையாட்டினாங்க.

நான் பெத்தாவுல கோவப்படல்ல. அவ எத்தினையோ பிள்ளைகளைத் தூக்கி வளத்தவ, பாசத்துலதான் சொன்னா. ஆனா அந்தச் சொல்லுல கோவம் வந்தது. ஏனெண்டா அந்தத் தாய்ட முகத்தை நான் பாத்தன். அவள் அதுக்காகத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது. "எடுக்கத் தேவையில்ல" எண்டு ஆராவது ஒராள் சொல்லமாட்டாங்களா எண்டு.

அந்தக் கட்டிக்குப் பேர் றெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில வாற புற்றுநோய். 15,000 தொடக்கம் 20,000 பிள்ளைகள் பிறந்தா ஒண்டுக்கு வரும் எண்டு கணக்கு. அஞ்சு வயசுக்குள்ளதான் அனேகமா வரும். (படத்துல வெள்ளை தெரிஞ்சா எல்லாம் புற்றுநோய் இல்ல. பிறவியில வாற கண்புரையாவும் இருக்கலாம், லைட் விழுந்த கோணமாவும் இருக்கலாம். ஆனா அதை டொக்டர்தான் சொல்லணும். நீங்களோ நானோ இல்ல.) கட்டி சின்னனா இருந்தா லேசர், உறைய வைக்கிறது, மருந்து ஏத்துறது எண்டு கண்ணைக் காப்பாத்திப் பாப்பாங்க. கண் நிறைஞ்சு, பார்வையும் போய்ட்டெண்டால் எடுக்கிறதுதான் வழி. கண்ணுக்குப் பின்னால மூளைக்குப் போற நரம்பு இருக்கு. கட்டிக்கு அதுதான் பாதை. அந்தப் பாதையில இறங்க முதல் எடுத்துட்டா பிள்ளை தப்பும். நல்ல வைத்திய வசதி இருக்கிற நாடுகள்ல இந்த நோய் வாற பிள்ளைகள்ல 100க்கு 95க்கு மேல தப்புது. தப்பாத பிள்ளைகள்ல கனபேருக்கு நடக்கிறது ஒண்டேதான்: பிந்தி வாறது. பிந்துறதுக்கு ஒரு பெரிய காரணம், "கண்ண எடுக்க விட்றாத."

இதையெல்லாம் அண்டைக்கு அந்தக் கூட்டத்துக்குள்ள எனக்குச் சொல்லத் தெரியல்ல. வாய் வரல்ல. வீட்டுக்கு வந்து, விடிஞ்சதும் மாமாட்டப் போனன்.

எண்ட மாமாவுக்கு இடக்கண் இல்ல.

படுவான்கரையில வட்டை செய்யிற மனிசன். 2012 மாசி மாசம், பெரும்போக வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். நெல்லுக் கதிர்ட நுனி கண்ணுல அடிச்சிட்டு. கசக்கிட்டு வேலையைப் பாத்திருக்கிறார். இரவாக உறுத்தல். மாமி நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டிருக்கிறா. ரெண்டு நாளில கண் சிவந்து தண்ணியா ஓடியிருக்கு. ஆரோ ஒராள் மருந்துக்கடையில கேட்டு ஒரு துளி மருந்து வாங்கிக் குடுத்திருக்கிறார். அதை விட்டதும் சிவப்பு வத்திட்டு. எல்லாருக்கும் சந்தோசம்.

அந்தச் சந்தோசம்தான் கண்ணைக் கொண்டு போனது.

நெல்லு, புல்லு, சருகு மாதிரிப் பயிர் பச்சை கண்ணுல கீறினா வாற தொற்று கனக்கப் பூஞ்சையாலதான் வாறது. எங்கட வட்டையிலயும் அப்படித்தான், மதுரைப் பக்கத்து வயல்லயும் அப்படித்தான். ஸ்டீரோயிட் கலந்த துளி மருந்து சிவப்பைக் குறைக்கும், நோவையும் குறைக்கும். ஆனா பூஞ்சைக்கு அது பால் வாத்து வளக்கிற மாதிரி. மாமாவுக்கு ஒரு கிழமையில கருவிழியில வெள்ளைப் புள்ளி விழுந்தது. அப்பவும் "வெட்டு முடியட்டும்" எண்டுதான் இருந்தவர். மறுகா கண்ணுக்குள்ள அடியில சீழ் படிஞ்சு, கிண்ணத்தில பால் மண்டின மாதிரித் தெரிஞ்ச புறகுதான் மாமி அழுது சத்தம் போட்டு ஏத்தினா. அப்ப மண்முனையில பாலம் இல்ல, பாதை எண்டு நாங்க சொல்ற மிதவைதான். (பாலம் 2014ல தான் திறந்தாங்க. இப்ப அந்த வாவியை ரெண்டு நிமிசத்தில கடந்து போகக்குள்ள எல்லாம் எனக்கு அண்டைக்குப் பாதைக்குக் காத்து நிண்ட நேரம் ஞாபகம் வரும். மாமா சாரம் தலைப்பால கண்ணைப் பொத்திக்கொண்டு, தண்ணியில வெயில் மின்னுறதைப் பாக்க முடியாமக் கிறுகி நிண்டார்.)

ஆஸ்பத்திரியில மணித்தியாலத்துக்கு ஒருக்கா மருந்து விட்டாங்க. இரவும்தான். இருவது நாள் அப்படிப் பாத்தாங்க. கருவிழி ஓட்டையாகிட்டு. தொற்று உள்ளுக்க இறங்கிட்டு. பார்வை துப்பரவா இல்ல, நோவு மட்டும் மிச்சம். அப்பதான் டொக்டர் பக்கத்துல வந்து இருந்து சொன்னார், எடுக்கிறதைத் தவிர வழியில்லை எண்டு.

இந்த "எடுக்கிறது" எல்லாம் ஒண்டில்ல எண்டு எனக்கும் அண்டைக்குத்தான் தெரியும். முட்டையை வைச்சுச் சொன்னா விளங்கும். மாமாவுக்குச் செஞ்சது, முட்டைக் கோதை விட்டுட்டு உள்ள இருக்கிறதை மட்டும் வழிச்செடுக்கிற மாதிரி. கண்ணுட வெள்ளைக் கோது அப்படியே இருக்கும், அதுல ஒட்டியிருக்கிற ஆறு தசையும் இருக்கும். கோதுக்குள்ள ஒரு உருண்டை வைப்பாங்க, பள்ளமாகாம இருக்க. (மாமாவுக்குத் தொற்று இருந்ததால உடன வைக்கல்ல, ஆறின புறகு வைச்சாங்க.) தசை இருக்கிறதால புறகு போடுற செயற்கைக் கண் மற்றக் கண்ணோட சேந்து ஓரளவு அசையும்.

ஆனா புற்றுநோய்க்கு அப்படிச் செய்யேலாது. முட்டையை உடைக்கவே கூடாது. உடைச்சா நோய் சிந்திடும். ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கிறதையே இந்தக் கட்டிக்குச் செய்யமாட்டாங்க, அந்தப் பயத்துலதான். முழுக் கண்ணையும், பின்னால நரம்புல எவ்வளவு நீளம் எடுக்கலாமோ அவ்வளவு நீளத்தோட எடுத்து, நரம்புட அறுத்த நுனியை மைக்ரோஸ்கோப்புல பாப்பாங்க. அங்க நோய் இல்லையெண்டால் பெரிய மூச்சு விடலாம். எடுத்த இடத்துல உருண்டை வைச்சு, தசைகளை அதைச் சுத்திச் சேத்துத் தைப்பாங்க.

மூண்டாவது விதமும் இருக்கு. கண்ணோட சேத்து இமை, சுத்தியிருக்கிற சதை எல்லாம் எடுக்கிறது. நோய் கண்ணுக்கு வெளிய பரவினா சில வேளை அதுதான் மிச்சம். பிந்தினா அங்கதான் போய் நிக்கும். அதுக்கு மேல எழுத எனக்கு மனமில்ல.

நோவுக்காகவும் எடுப்பாங்க. எங்கட வீட்டுக்குப் பக்கத்து அக்கா ஒராளுக்குக் கண் அழுத்தம் கூடிப் பார்வை போய் வருசமாகிட்டு, ஆனா நோவு போகல்ல. தலையைச் சுவர்ல முட்டுவா. கண்ணை எடுத்து வீட்டுக்கு வந்த அண்டைக்கு இரவு, விடியும் வரைக்கும் நித்திரை கொண்டா. அவட புருசன் அதைச் சொல்லிச் சொல்லி அழுதவர்.

யுத்த காலத்துல செல் துண்டு பட்டுக் கண் இழந்த ஆக்களும் எங்கட ரெண்டு கரையிலயும் இருக்கிறாங்க. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால.

காயம் எண்டதும் ஒரு கதை. பாரிசுக்குக் கிட்ட கூப்வ்ரே எண்டு ஒரு ஊர். தோல் வேலை செய்யிற தகப்பன்ட பட்டறையில மூண்டு வயசுப் பொடியன் விளையாடியிருக்கிறான். 1812. தோல்ல துளை போடுற ஊசி ஒரு கண்ணுல ஏறிட்டு. காயம் ஒரு கண்ணுலதான். ஆனா அஞ்சு வயசாக ரெண்டு கண்ணும் போய்ட்டு. காயம் பட்ட கண்ணைப் பாத்து உடம்புட எதிர்ப்புச் சக்தி குழம்பி, நல்ல கண்ணையும் பகை எண்டு தாக்கிற ஒரு வருத்தம் இருக்கு. அபூர்வம்தான். காயம் பட்டு, இனிப் பார்வை வராது எண்டு தெரிஞ்ச கண்ணை ரெண்டு கிழமைக்குள்ள எடுத்துடணும் எண்டு கனகாலமா டொக்டர்மார் சொன்னதுக்கு அதுதான் காரணம். (இப்ப முதல்ல தைச்சுக் காப்பாத்தத்தான் பாக்கிறாங்க.) அந்தப் பொடியன் பதினஞ்சு வயசில புள்ளி எழுத்துக் கண்டுபிடிச்சான். லூயி பிறெயில்.

சரி, ஒரு கண் இல்லாட்டி என்ன ஆகும்?

மாமாட்டப் போன அண்டைக்குப் பின்னேரம் நான் இடக்கண்ணுல பஞ்சு வைச்சுக் கட்டிக்கொண்டு இருந்து பாத்தன். முதல் சோலி தேத்தண்ணி. கேத்தல்ல இருந்து ஊத்தினன், கோப்பைக்கு முன்னால மேசையில விழுந்தது. ரெண்டாந்தரமும் அப்படித்தான். மறுகா கதவு நிலையில இடத் தோள் இடிச்சுது. சாப்பாட்டுல கறிக் கிண்ணம் இடப்பக்கம் இருந்ததே தெரியல்ல.

மாமா பாத்துக்கொண்டு இருந்துட்டுச் சொன்னார்: "கேத்தல் மூக்கைக் கோப்ப விளிம்புல முட்ட வையி. முட்டின புறகு ஊத்து."

முட்ட வைச்சன். ஒரு சொட்டுச் சிந்தல்ல.

இப்படி அவரிட்ட ஒரு மூட்டை வித்தை இருக்கு. படி இறங்கக்குள்ள முதல் படியைக் காலால தடவிப் பாக்கிறது. றோட்டுக் கடக்கக்குள்ள கண்ணைத் திருப்பாம முழுத் தலையையும் திருப்புறது. ஆரோடயும் நடந்தா அவங்களை வலப்பக்கம் விடுறது. ஆராவது எதையும் நீட்டினா அவரா எட்டி எடுக்காம, கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறது, அவங்களே வைக்கட்டும் எண்டு. கிட்ட இருக்கிற சாமானுக்குத்தான் ரெண்டு கண்ணும் சேந்து தூரம் சொல்லும். எட்டத்துல இருக்கிறதுக்கு அதுட பருமன், நிழல், அசையிற வேகம் போதும். ஆறு மாசத்துல மாமா பழகிட்டார் எண்டு மாமி சொல்றா. தோணியில இருந்து வலை வீசுறதுக்கு மட்டும் ஒரு வருசம் எடுத்தது. இப்ப வீசுறார்.

(கிரிக்கெட் பாக்கிறவங்களுக்கு: மன்சூர் அலி கான் பட்டோடிக்கு 1961 ஜூலையில இங்கிலாந்துல கார் விபத்து. வலக்கண் பார்வை கிட்டத்தட்ட முழுக்கப் போச்சு. கண்ணை எடுக்கல்ல, பார்வைதான் போனது. அந்த வருசம் டிசம்பர்லயே இந்தியாவுக்கு விளையாட வந்துட்டார். 1962 தையில மெட்ராஸ்ல இங்கிலாந்துக்கு எதிரா 103. அதே வருசம் 21 வயசில கப்டன். வேகப் பந்தை ஒத்தக் கண்ணால கணிச்ச மனிசன்.)

மாமா ஒண்டை மட்டும் ஆருக்கும் சொல்லாம வைச்சிருந்தவர். எடுத்த புறகு கொஞ்ச மாசம் அந்த இல்லாத கண்ணுல வெளிச்சம் தெரிஞ்சுதாம். இருட்டுல மின்மினி பறக்கிற மாதிரி. தனக்கு விசர் பிடிச்சிட்டு எண்டு பயந்து மாமிக்கும் சொல்லல்ல. கிளினிக்கில ஒருநாள் மிஸ்ஸிட்ட மெதுவாக் கேட்டிருக்கிறார். "அது கனபேருக்கு வாறது ஐயா, கை போன ஆக்களுக்குக் கை கடிக்கிற மாதிரி" எண்டு அவ சொன்ன புறகுதான் நித்திரையாம். இதைக் கண் எடுக்க முதலே ஆராவது சொல்லியிருக்கலாம். இதை வாசிக்கிற ஆருக்காவது நடந்தா, பயப்படாதீங்க.

அண்டைக்கு மாமா தண்டபாட்டுக்கு எழும்பி, சவுக்காரம் போட்டுக் கை கழுவி, கீழ் இமையை இழுத்து, செயற்கைக் கண்ணைக் கழட்டி எண்ட உள்ளங்கையில வைச்சார். இத்தினை வருசத்துல நான் அதைக் கையில வாங்கினது அதுதான் முதல் தரம்.

நான் கோலி மாதிரி உருண்டை எண்டுதான் நினைச்சிருந்தன். இல்ல. சிப்பி மாதிரி. முன்னால குவிஞ்சு, பின்னால குழிஞ்சு, ஓரம் வழுவழு எண்டு. (உருண்டை உள்ளுக்க, சதைக்குக் கீழ நிரந்தரமா இருக்கு. இது அதுக்கு மேல போடுற மூடி.) எடையே இல்ல. கண்ணாடியும் இல்ல, பல்லுக்கட்டுற அக்றிலிக். முந்தி ஜேர்மனியில லவுஷா எண்ட ஊர்க் கண்ணாடிக்காரர்தான் உலகத்துக்கே கண் செஞ்சு அனுப்பினவங்க. ரெண்டாம் உலக யுத்தத்துல அது வாறது நிண்டதும், அமெரிக்க இராணுவத்துப் பல் டொக்டர்மார் பல்லுக்குப் பாவிக்கிற சாமானாலயே கண் செஞ்சு பாத்தாங்க. அது நிலைச்சிட்டு. விழுந்தாலும் உடையாது.

வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தன். வெள்ளைக்குள்ள சிவப்பு நூல் இழை, நரம்பு மாதிரி. கருவிழிக்குள்ள மண்ணிறம் மட்டும் இல்ல, நடுவுல ஒள்ளுப்பம் மஞ்சள், ஓரத்துல கடுமை. அதைச் சுத்திச் சாம்பல் நிறத்துல ஒரு மெல்லிய வளையம். வயசு போனவங்கட கண்ணுல வருமே, அந்த வளையம். கண் செஞ்ச மனிசன் மாமாவை யன்னலுக்குப் பக்கத்துல இருத்தி, வலக்கண்ணைப் பாத்துப் பாத்துத் தீட்டினாராம். வளையத்தை விட்டுட்டாலும் ஆரும் கேட்டிருக்கமாட்டாங்க. அவர் விடல்ல.

எனக்குக் கண் கலங்கிட்டு.

"இதைக் கொண்டு போய் அந்தப் புள்ளைக்குக் காட்டுவம்" எண்டார் மாமா. அவ்வளவுதான். மோட்டச்சைக்கிள்ல ஏறிட்டம்.

அங்க வீட்டுல பெத்தாவும் இருந்தா. நல்லதாப் போச்சு எண்டு நினைச்சன்.

மாமா வெளித்திண்ணையில இருந்து முதல்ல கண்ணைக் கழட்டல்ல. சும்மா கதைச்சார். வேளாண்மை, மழை, மீன் விலை. கால் மணித்தியாலம். மறுகா கேட்டார்: "புள்ள, எனக்கு எந்தக் கண் பொய்க் கண் எண்டு சொல்லு பாப்பம்." தங்கச்சிக்குத் தெரியும் அவருக்கு ஒரு கண் இல்ல எண்டு. எது எண்டு சொல்லத் தெரியல்ல. பெத்தா உத்துப் பாத்துட்டு வலக்கண்ணைக் காட்டினா.

பெத்தாட மற்றச் சொல்லுக்கும் அங்கயே பதில் சொன்னம். எடுத்த கண்ணை ஆருக்கும் வைக்கேலாது. கண்ணையும் மூளையையும் இணைக்கிற நரம்புல பத்து லட்சத்துக்கு மேல இழை இருக்கு, அறுந்தா ஒட்டாது. 2023ல நியூயோர்க்கில ஒராளுக்கு முழுக் கண்ணையே மாத்தி வைச்சுப் பாத்தாங்க. கண்ணுக்கு இரத்தம் ஓடிச்சு, பார்வை வரல்ல. இறந்தவங்கட கண்ணுல இருந்து மற்றவங்களுக்கு வைக்கிறது அரை மில்லிமீற்றர்த் தடிப்புள்ள கருவிழி மட்டும்தான். அதுல எங்கட நாட்டுக்கு ஒரு பேர் இருக்கு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961ல கண் தானச் சங்கத்தைத் தொடங்கினவர். அதுக்கு முதல் வருசம் அவர்ட தாய் இறந்தப்போ அந்தத் தாய்ட கருவிழியை ஒரு ஏழை விவசாயிக்கு வைச்சாங்க. 1964ல சிங்கப்பூருக்குக் கண் அனுப்பத் தொடங்கி, இண்டைக்கு அம்பதுக்கு மேற்பட்ட நாட்டுல இலங்கைக் கண் பாக்குது. ஆனா புற்றுநோய் வந்த கண்ணை ஆருக்கும் வைக்கமாட்டாங்க. அது மைக்ரோஸ்கோப்புக்குக் கீழதான் போகும், அந்தப் பிள்ளைக்காக.

"எண்ட மற்றக் கண்ணையும் எடுப்பானுகள் பெத்தா" எண்டார் மாமா. "நான் செத்த புறகு. எழுதிக் குடுத்துட்டன்."

பெத்தா சிரிச்சா. சிரிச்சிட்டுக் கேட்டா: "பொம்புளப் புள்ளக்கி?"

அதுக்கு மாமா சிரிக்கல்ல. "பெத்தா, கட்டுறதுக்குப் புள்ள இருக்கணுமே" எண்டார்.

திண்ணையில ஒரு சத்தமும் இல்ல. தங்கச்சி உள்ளுக்குப் போய்ட்டாள். கண்மலர் வைச்சது பிழை எண்டு ஆரும் சொல்லல்ல. நானும் வைப்பன். அம்மாளுக்கு வைச்சிட்டுக் கொழும்பு பஸ்ஸுலயும் ஏறலாம்.

அடுத்த கிழமை ஏறினாங்க. அண்ணன்காரப் பொடியனையும் கூட்டிக்கொண்டு. (இந்த நோய் சில வேளை பரம்பரையா வரும். கூடப் பிறந்ததுகளுக்கும் கண் பாக்கணும். அவனுக்கு ஒண்டும் இல்ல.) கண்ணை எடுத்தாங்க. நரம்பு நுனியில நோய் இல்ல எண்டு றிப்போட் வந்தது. அண்டைக்கு அவள் போன்ல கதைக்கல்ல, அழுதாள், நான் கேட்டுக்கொண்டு இருந்தன். இனி வருசக்கணக்கில கிளினிக் இருக்கு. நல்ல கண்ணைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. பிள்ளை வளர வளர முகமும் வளரும், செயற்கைக் கண்ணையும் மாத்தி மாத்திச் செய்யணும். அலைச்சல்தான்.

நேத்து நானும் மாமாவும் போனம். குழந்தைட இமைக்குள்ள இப்ப ஒரு தெளிஞ்ச பிளாஸ்டிக் ஓடு இருக்கு, இடம் சுருங்காம. காயம் ஆற ஆறு எட்டுக் கிழமை, புறகுதான் கண் செய்வாங்க. பிள்ளை முத்தத்துல கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு திரிஞ்சது. ஒரு தரம் தண்ணி வாளியில முட்டிச்சு. எழும்பி மறுபடியும் ஓடிச்சு. பெத்தா வாளியைத் தூக்கிப் பிள்ளைட மற்றப் பக்கத்துல வைச்சா.

தங்கச்சி தேத்தண்ணியோட வந்து மாமாவுக்குப் பக்கத்துல குந்தினாள்.

"மாமா, கண் போட்ட புறகு, நித்திரைக்குப் போகக்குள்ள கழட்டணுமா?"

"தேவையில்ல புள்ள. கழுவ மட்டும்தான் கழட்டுறது. நான் அதோடதான் படுக்கிற."

"கழுவக்குள்ள அழுவாளா?"

"முதல் ரெண்டு மூண்டு தரம் அழுவாள். கையை இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவிட்டுப் போ. குளிர்ந்த விரல் பட்டா எனக்கே கூசும்."